எண்பதாம் வருஷத்துக்கு வழியில்லை

சிவமயம்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
8.3.1992

அன்புள்ள மகள் பத்மலோசனிக்கு அப்பா எழுதிக்கொள்வது. உடம்பளவில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நீ சுகமா, எடின்பரோவில் குளிர் கொஞ்சமாவது விட்டதா என்று அறிய ஆவல். அம்மாவும் சுகம்தான், ஆனால் அவள் இப்போது வீட்டில் இல்லை, ஏன் என்று கீழே எழுதுகிறேன், நோய் நொடி என்று பயந்துவிடாதே. இங்கே ஒரு மாதமாக மழை இல்லை. நீ டாக்டர் ஆகிவிட்டாய் என்று கேள்விப்பட்டு பக்கத்து வீட்டு நோர்மா தன் மூட்டுவலிக்கு உன்னிடம் மருந்து கேட்கச் சொன்னாள், என் மகள் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன், சும்மா கேட்டுப் பாருங்க லா என்கிறாள்.

உன் ஆராய்ச்சிப் புத்தகம் மூன்று வாரத்துக்கு முன் பார்சலில் வந்தது. பிரித்ததும் முதல் பக்கத்தைப் பார்த்தேன். என் வழியில் ஒரு நாளும் குறுக்கே நிற்காத அப்பாவுக்கு என்று எழுதியிருக்கிறாய். அம்மா அதைத் தமிழில் சொல்லச் சொன்னாள், நான் கண்ணாடி எங்கே என்று தேடுகிற மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டேன். அதற்கப்புறம் புத்தகத்தை லாரன்ஸிடம் கொண்டுபோனேன், உனக்கு ஆறாம் படிவத்தில் பௌதிகம் படிப்பித்த அதே லாரன்ஸ் மாஸ்டர்தான், ரிட்டையர் ஆகிவிட்டார். நாலு நாள் வைத்திருந்து வாசித்தார். பிறகு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அப்துல் காதர் கடையில் உட்கார்ந்து எனக்கு விளங்கப்படுத்தினார். புழுத்துளை என்பது தூரத்தில் இருக்கிற இரண்டு இடங்களைக் குறுக்கே சேர்க்கிற சுரங்கம் மாதிரியாம், கணக்கில் அதற்கு இடம் உண்டு, கண்டவர் யாரும் இல்லை. அதன் ஒரு வாயை இங்கே வைத்துக்கொண்டு மற்ற வாயை ஒளியின் வேகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தால், இங்கே பத்து வருஷம் ஓடியிருக்கும்போது அந்த வாய்க்கு ஒரு வருஷம்தான் ஆகியிருக்குமாம். அதற்குள்ளே நுழைகிறவன் இந்த வாயால் வெளியே வரும்போது ஒன்பது வருஷம் முந்தி வந்து நிற்பானாம். அப்படி ஒன்று நிலைத்து நிற்குமா, இல்லை காலம் பின்னுக்குத் திரும்பப் பார்க்கிற அந்த நொடியிலேயே உடைந்துபோகுமா, அதுதான் உங்கள் மகள் பார்த்த கணக்கு என்றார். எனக்குப் பாதிதான் ஏறியது. ஆனாலும் வாய் தவறிக் கேட்டுவிட்டேன், அப்படியென்றால் எண்பதாம் வருஷத்துக்குப் போகலாமா என்று. அவர் சிரித்தார். அது முடியாது லா விநாசி, சுரங்கத்தைச் செய்துவைத்த நாளுக்கு ஒரு நிமிஷம் முந்திக்கூடப் போக முடியாது, எண்பதில் யார் அதைச் செய்துவைத்தார்கள், உங்கள் மகளே அதைத் தெளிவாக எழுதியிருக்கிறாள் என்றார். பிறகு என்னைப் பார்த்து, ஏன் எண்பது என்று கேட்டார். நான் தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஏன் எண்பது என்று உனக்குச் சொல்லவேண்டும் மகளே. அந்த வருஷம் மே மாதம் நீ தற்காலிக டீச்சராக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். மேல்படிப்புக்கு நீ எழுதிப்போட்ட இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வருகிறதா என்று தினமும் சாயங்காலம் கேட்பாய், நான் இல்லை என்பேன். பதில் வந்தது. மே மாதம் பன்னிரண்டாம் தேதி தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். உன் பெயருக்கு வந்ததை நான் உடைத்து வாசித்தேன். உன்னை எடுத்துக்கொண்டார்கள், உதவிச் சம்பளத்தோடு. அதற்கு முந்தின வாரம்தான் ஈப்போ டாக்டர் வீட்டில் சம்பந்தம் சரி என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த நாள் ஆபீஸில் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து, குடும்பக் காரணத்தால் வர இயலவில்லை, நன்றி என்று உன் பெயரில் அடித்து உன் கையெழுத்தையும் நானே போட்டு அனுப்பினேன். கப்பல் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் கடிதம் அடித்தவன், அதில் ஒரு பிழை இருந்திருக்காது. அவர்களுடைய கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். உன் நன்மைக்குச் செய்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். மகளுக்கு டாக்டர் மாப்பிள்ளை என்று ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது, அதைத் திருப்பி வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு சின்னக் காரணம்தான். ஜூலை வரைக்கும் நீ தபால்காரருக்காக வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஒரு நாள், எனக்கு அவ்வளவு மூளை இல்லை போல அப்பா என்றாய். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், எல்லாருக்கும் கிடைக்குமா என்றேன். ஆகஸ்டில் உன் கலியாணம்.

அந்த வீட்டில் நீ பட்ட ஐந்து வருஷத்தை நான் எழுதத் தேவையில்லை. ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாய், மறுபடி படிக்கப் போகிறேன் என்றாய், நான் மறிக்கவில்லை, அதைத்தான் நீ பெரிதாக எடுத்துக்கொண்டாய். அப்போதுகூட இங்கிலாந்துக்கு எழுதாமல் ஸ்காட்லாந்துக்கு எழுதினாய். பதில்கூடப் போடாமல் ஒருமுறை வேண்டாம் என்றவர்களிடம் ஏன் மறுபடி போவது என்றாய். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இந்தக் காலப் பயணக் கணக்கே எண்பத்தெட்டில்தான் சூடு பிடித்தது என்று லாரன்ஸ் சொல்லுகிறார். நீ எண்பதில் போயிருந்தால் அந்த நேரம் அதில் முன்னால் நின்றிருப்பாய், முப்பத்தொரு வயதில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கியிருக்க மாட்டாய்.

போன திங்கட்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு வருஷம் அவளுக்கும் தெரியாது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். நான் கலியாணத்தைப் பற்றித்தான் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. இத்தனை வருஷமா அந்தப் பிள்ளை தன் தலையிலதான் குறைன்னு நெனச்சிக்கிட்டு இருந்திச்சே, அது உங்களுக்குத் தெரியும்தானே என்றாள். தெரியும் என்றேன். சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறி, தாசேக் கெலுகோரில் அவள் தங்கச்சி நல்லம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். உனக்கு உடனே போன் பண்ணிச் சொல்லவேண்டும் என்று நின்றாள். நானே எழுதுகிறேன், கடிதம் போய்ச் சேரட்டும் என்று கேட்டுக்கொண்டேன், எனக்காக இல்லை, உனக்கு விஷயம் முழுதாகத் தெரியட்டும் என்றுதான் ஒத்துக்கொண்டாள். இது உன் கையில் சேருவதற்குள் இரண்டு வாரமாக அம்மாவின் குரலைக் கேட்கவில்லையே என்று நீ தவித்திருந்தால் அதற்கும் நான்தான் காரணம்.

திருத்தின பிரதியை மாதக் கடைசியில் அட்டை கட்டக் கொடுப்பதாக எழுதியிருந்தாய். அதற்கு முன் முதல் பக்கத்தில் என்னைப் பற்றின அந்த வரியை எடுத்துவிடு. எனக்குத் தண்டனையாக இல்லை, புத்தகத்தில் தப்பான ஒன்று இருக்கக்கூடாது என்பதற்காக. அந்த இங்கிலாந்துக் கடிதம் என்னிடம் இல்லை, ஆனால் ஒரு வாக்கியம் மனப்பாடம். விண்ணப்பித்தவர்களில் உன்னைத்தான் முதலாவதாகத் தெரிவு செய்தோம், இந்த வருஷம் வர முடியாவிட்டால் இடத்தை அடுத்த வருஷத்துக்கும் வைத்திருப்போம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டாம் தடவை கேட்கத் தேவையே இல்லாதவளாக இருந்தாய் நீ. இதை எண்பதில் உன் கையில் கொடுத்திருக்க வேண்டியவன், இப்போதுதான் கொடுக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டையில்லாமல் வெளியே போகாதே. அந்த ஊரில் உனக்கு நல்ல வேலையும் நல்ல துணையும் அமைய முருகனை வேண்டுகிறேன், கேட்க எனக்கு வாய் இருக்கிறதோ இல்லையோ, உனக்காகத்தானே கேட்கிறேன். எனக்குப் பதில் எழுதாவிட்டால் பரவாயில்லை. அம்மாவுக்கு எழுது, உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வரும் வரைக்கும் அவள் அங்கேதான் இருப்பாளாம். நல்லம்மாள் சின்னம்மா வீட்டு விலாசத்தைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
க. விநாசித்தம்பி