மீன்காரி ரெகினாவின் சாட்சி

தோருன் நகரம்
1566, மார்ச் 20

வணக்கத்திற்குரிய ஹிரோனிம் அடிகளாரின் சமூகத்திற்கு, காலஞ்சென்ற பள்ளியாசிரியர் அம்ப்ரோஜியின் மனைவி உர்ஷுலா பணிந்து எழுதுவது.

தங்கள் கடிதத்திற்கு விடை எழுத ஏழு வாரம் தாமதித்ததைப் பொறுத்தருள வேண்டும். விஸ்துலா ஆறு உறைந்துகிடந்ததால் படகில்லை என்பது பாதி உண்மை. மீதி, எழுதிய மூன்று விடைகளையும் நானே அடுப்பிலிட்டேன்.

என் கணவரின் லத்தீன்–போலிஷ் அகராதியை அச்சேற்றும் பொறுப்பைத் தாங்கள் ஏற்றமைக்கு நன்றி. அனுப்பிய முதல் தாள்களைப் படித்தேன். முன்னுரையில் என்னை 'விளக்கேற்றி வைத்த இல்லாள்' என்கிறீர்கள். அவர் பார்வையிழந்த ஆறாண்டுகளில், அவர் லத்தீன் சொல்லச் சொல்ல, அதற்குரிய போலிஷ் சொல்லைத் தேடிப் படகுத்துறையிலும் தோல் பதனிடுவோர் தெருவிலும் அலைந்து எழுதியவள் நான். பள்ளிக் கதவுக்கு வெளியே நின்று எழுத்துக் கற்றவள். போகட்டும்.

பொறுக்க இயலாதது வேறு. சொல்லைத் தந்தவர் பெயரைக் கையெழுத்துப் படியின் ஓரத்தில் குறிப்பது எங்கள் வழக்கம். அப்பெயர்களைப் பார்த்து, இனி அச்சேறவேண்டிய பகுதியில் எழுநூறு சொற்களை அடித்துவிட்டீர்கள். மருத்துவச்சியும் மீன்காரியும் மொழிக்குச் சாட்சியாகார் என்று காரணமும் எழுதினீர்கள். பேறுகால வலிக்கு இருந்த ஐந்து சொற்களும் போயின.

மீன்காரி ரெகினாவிடம் இதைச் சொன்னேன். "ஏம்மா, அந்தச் சாமியாரை அவரு ஆத்தா லத்தீன்லயா திட்டி வளர்த்தா?" என்று கேட்டுவிட்டு, கெண்டையின் தலையை ஒரே வெட்டில் எடுத்தாள்.

இனி என் பாவ அறிக்கை. மாதிரிக்கென முதலில் அனுப்பிய முந்நூறு சொற்களை 'அரண்மனையின் தூய மொழி' என்று மெச்சினீர்கள். அவற்றின் ஓரத்தில் பிரபுக்களின் பெயர்களை எழுதியவள் நானே, கணவர் அறியார். அத்தனையும் ரெகினாவும் அவள் கூட்டாளிகளும் தந்தவை. அவை அச்சேறிவிட்டன. முன்னுரையில் தங்கள் மெச்சுதலும் தங்கள் பெயரோடு அச்சேறிவிட்டது.

இது வெளிப்பட்டால் முதலில் கெடுவது என் கணவரின் பெயர் என்பதை அறிவேன். தங்கள் பெயர் அடுத்தது. ஆனால் அவர் இறுதியாக என் கையைப் பற்றி, "ஒரு சொல்லையும் விட்டுடாத, உர்ஷுலா" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை, என்னைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

எழுநூறையும் சேர்த்துவிடுங்கள். என் பெயர் எங்கும் வேண்டாம். அடுத்த பதிப்பு வந்தால், முன்னுரையின் அந்த விளக்கையும் அணைத்துவிடுங்கள். ஆண்டவர் தங்கள் நற்பெயரைக் காப்பாராக.

அடுத்த தாள் அச்சேறுமுன் பதில் எழுதுங்கள்.

உர்ஷுலா