தூரமா என்று கேட்டிருக்கலாம்

மலை முகாம், வால்பாறை வழி
14.7.2024

அன்பு மிகுந்த தாமரை அக்காவுக்கு,

உங்கள் வீட்டு நண்டுக் குழம்பைத் தின்றே நாலு சுற்றுப் பெருத்துப்போன கீர்த்திகா எழுதுகிறேன். மாமாவும் நம் குட்டிப் பெண் தமிழ்மொழியும் சுகமா? என்னைப் புது வேலைக்கு இந்த மலைக்கு அனுப்பிவிட்டார்கள். போனுக்கு டவர் கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவை ஜீப் கீழே இறங்கும். கடிதம் போவதும் வருவதும் அதில்தான்.

அக்கா, ஒரு சந்தோஷமான செய்தி. நம் ஆற்று முகத்துவாரத்துக் கழியைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்துவிட்டார்கள்! உங்கள் வீட்டில் தங்கிக்கொண்டு செய்தேனே, அந்த ஆய்வை வைத்துத்தான். மண்ணடித்து மேடாக்கி விடுதி கட்டுவோம் என்று லாரியோடு வந்தார்களே, அவர்கள் இனிமேல் கிட்டேகூட வர முடியாது. அலையாத்தி மரத்தில் ஒரு கிளையை ஒடிக்க முடியாது. தகவல் வந்ததும் முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது.

கழிக்கரைச் சேற்றில் நான் விட்டுவிட்டு வந்த ஒற்றைச் செருப்பு எப்படி இருக்கிறது? அதை எடுக்கவாவது ஒருநாள் வருவேன்.

உங்கள் அன்புத் தங்கை,
கீர்த்திகா


காரைக்கால்
4.8.2024

கீர்த்தி பாப்பாவுக்கு உன் அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் பேனாவைத் தொடுகிறேன். தப்பு இருந்தால் சிரிக்காதே. சிரித்தால்தான் என்ன, எனக்குத் தெரியவா போகிறது.

உன் மாமா படகைக் கரையேற்றும்போது வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்துவிட்டது. இனிக் கடலை மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். மனுஷர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு "டீ எங்க, டிவி ரிமோட் எங்க" என்று என்னை விரட்டுகிறார். இப்போது வீடு ஓடுவது என் கூடையால்தான். அதனால்தான் உன்னிடம் ஒரு உதவி.

கழியைச் சுற்றிக் கல் நட்டிருக்கிறார்கள். பச்சைப் போர்டு வைத்து ஒரு காவல்காரரையும் போட்டிருக்கிறார்கள். போன வாரம் நாங்கள் கூடையோடு போனபோது, "உள்ளார போகக்கூடாதும்மா, ஆர்டரு" என்றார்.

"எவன் போட்ட ஆர்டரு?" என்றேன்.

"ஆய்வு பண்ணித்தான் போட்டிருக்காங்க. எங்கிட்ட சண்டை போட்டு என்னம்மா ஆவப்போவுது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ஆய்வு பண்ணின பொண்ணு எங்க வீட்டுலதான்யா சோறு தின்னுச்சு" என்றேன். குழாயடியில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், நம்ம கீர்த்தி ஒரு வார்த்தை எழுதினால் போதும், விட்டுவிடுவார்கள் என்று. என் மானத்தைக் காப்பாற்று. சீக்கிரம் எழுது.

செருப்பு அங்கேதான் கிடக்கிறது. நண்டு குடியேறியிருக்கும்.

உன் அக்கா,
தாமரை


மலை முகாம்
19.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கு இப்படி ஆகிவிட்டதே! படித்ததும் மனசு கேட்கவில்லை. முட்டிக்குக் கட்டு போட்டிருக்கிறார்களா? எண்ணெய் வைத்தியம் என்று யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

ஆனால் அக்கா, எனக்கு ஒன்று புரியவில்லை. நீங்கள் எதற்குக் கழிக்குள் போகிறீர்கள்? அங்கே போவதாக ஒருவரும் என்னிடம் சொல்லவில்லையே?

நினைத்துப் பாருங்கள். விடிந்ததும் தெருமுனையில் நிற்பேன். கூடையோடு போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "எங்கே போறீங்க?" என்று கேட்பேன். எல்லாரும் ஒரே மாதிரி, "சும்மா, இங்கதான்" என்பார்கள். நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். மீன் ஏலத்துக்கும் கடைத்தெருவுக்கும் போகிறீர்கள் என்று நினைத்தேன். படகில் நான் எத்தனை நாள் கழிக்குள் சுற்றியிருப்பேன், ஒருநாள்கூட உங்களில் ஒருவரையும் அங்கே பார்த்ததில்லை. நண்டு மாமாவின் வலையில் வருவது என்றே இருந்தேன்.

அதை வைத்துத்தான், இந்த ஊர் மக்கள் கழியை நம்பிப் பிழைக்கவில்லை என்று எழுதினேன். பிழைப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு வழி விட்டுத்தான் எல்லை போடுவார்கள். ஒருவரும் இல்லை என்றதால் முழுக்க மூடிவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. உடனே எழுதுங்கள்.

கீர்த்திகா


காரைக்கால்
6.9.2024

கீர்த்தி,

அடிப்பாவி! நீ எழுதியதைத் தமிழ்மொழியை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். என் காதில்தான் கோளாறோ என்று.

கூடையும் கையுமாகத் தண்ணீருக்குக் கிளம்புகிறவளைப் பார்த்து எங்கே என்று கேட்கலாமா? கேட்டால் போன காரியம் விளங்குமா? சேற்றில் கால் வைக்கிற பிழைப்பு. பாம்பு இருக்கும், சுழல் இருக்கும். வேறு யாராவது கேட்டிருந்தால் தெருவே கூடி வாரிவிட்டிருக்கும். நீ சின்னப் பெண், படிக்கிற பெண், முகம் வாடிவிடுமே என்று ஒன்றும் சொல்லாமல் "சும்மா, இங்கதான்" என்றோம். அப்படிச் சொல்லிவிட்டால் கேட்ட தோஷம் கழியும். அப்புறம் வீட்டுக்குள் திரும்பிப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்புவோம். தினமும் உனக்காக எத்தனை பேர் தண்ணீர் குடித்தோம்! நீ பார்த்துக்கொண்டுதானே நின்றாய்? உன் ஊர் நெடுங்காட்டில் உன் அம்மா சொல்லித்தரவில்லையா? கிளம்புகிறவரைத் "தூரமா?" என்றுதானே கேட்க வேண்டும்?

அங்கே ஏன் எங்களைப் பார்க்கவில்லை என்கிறாயே, தண்ணீர் ஏறினால்தான் உன் படகு உள்ளே போகும். தண்ணீர் வடிந்தால்தான் நாங்கள் இறங்கி மட்டிச் சிப்பி பொறுக்க முடியும், நண்டு பிடிக்க முடியும். நீ வரும்போது நாங்கள் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருப்போம். அந்தக் குழம்பைத்தான் நீ தின்றாய்.

ஏதாவது செய். வயிறு எரிந்து எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே. நினைத்தாலும் பரவாயில்லை.

தாமரை அக்கா


மலை முகாம்
29.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. நீங்கள் திட்டியதற்காக இல்லை.

அம்மா சொல்லித்தந்திருக்கிறாள். ஊருக்கோ கல்யாணத்துக்கோ கிளம்புகிறவரிடம் நான் வாய் தவறி எங்கே என்று கேட்டால் தலையில் குட்டு விழும். ஆனால் எங்கள் பக்கம் வயலுக்குப் போகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. வயலுக்குப் போகிறார்கள் என்று தெரியும், அவ்வளவுதான். தினசரி வேலைக்கும் சகுனம் உண்டு என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஆய்வுக் கேள்விகளை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். தமிழில் மாற்றியது நான். "எங்கே போறீங்க" என்று எழுதிவிட்டு, பேச்சுத் தமிழில் எவ்வளவு அழகாக எழுதிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்த ஜீப்பிலேயே இறங்கிப் போய், எங்கள் தலைமை ஆய்வாளர் திருஞானசம்பந்தம் சாரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அறிக்கை தப்புன்னு எழுதிக் கொடுக்கப்போறியாம்மா? விடுதி கட்டுறவங்க கோர்ட்டுல கேஸ் போட்டிருக்காங்க, தெரியும்ல? ஆய்வு பண்ணின பொண்ணே தப்புங்குதுன்னு நாளைக்கே காகிதத்தைத் தூக்கிக்கிட்டு நிப்பாங்க. அறிவிப்பே போயிடும். அடுத்த வாரம் லாரி வந்துடும்" என்றார்.

அவர் சொல்வது நிஜம்தான் அக்கா. அறிக்கை நின்றால் உங்கள் பிழைப்பு போகிறது. அறிக்கை போனால் கழியே போகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கையால்தான் அது நடக்கப்போகிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீங்களே சொல்லுங்கள். வாபஸ் வாங்கு என்று ஒரு வரி எழுதினால் வாங்கிவிடுகிறேன்.

கண்ணீரோடு,
கீர்த்திகா


காரைக்கால்
10.11.2024

கீர்த்திக்கு,

நன்றாக இருக்கிறது உன் நியாயம்! முடிச்சைப் போட்டது நீ, அவிழ்ப்பது நானா? அதையும் என் தலையிலேயே கட்டுகிறாய்.

தீபாவளிக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். மின்விசிறி, நாற்காலி, டீ, பிஸ்கட் எல்லாம் இருந்தது. ஓர் அதிகாரி உன் அறிக்கையை வாசித்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு எல்லாப் பெண்களும் "சும்மா, இங்கதான்" என்று சொன்னதாக வாசித்ததும் எங்கள் ஆட்கள் எல்லாம் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அதற்கு அப்புறம், ஆகையால் இந்த ஊரில் யாரும் கழியை நம்பிப் பிழைக்கவில்லை என்று வாசித்தார்.

நான் எழுந்தேன்.

"நீங்க சொன்னதுதானேம்மா இது?" என்றார்.

"நான் சொன்னதுதாங்க."

"அப்ப பொய் சொன்னீங்களா?"

"பொய் இல்லைங்க, சகுனம்."

"சகுனத்தை எல்லாம் இதுல சேர்க்க முடியாதும்மா, உக்காருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். உட்கார்ந்துவிட்டேன். கத்துவதற்கு ஒருத்தர் கெட்டவராக இருந்திருந்தால் கத்தியிருப்பேன்.

அதற்குப் பிறகும் ஒருநாள் விடியற்காலையில் இறங்கிவிட்டேன். காவல்காரர் கூடையைப் பிடுங்கி நண்டையெல்லாம் தண்ணீரிலேயே கொட்டினார். கொட்டிவிட்டு, "எனக்கும் வேற வழி இல்லை தங்கச்சி" என்று அவர் கண் கலங்குகிறார். அவருக்கு நான் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். என் தலையெழுத்தைப் பார்த்தாயா!

உன் மாமாவிடம் நீ கேட்டதைச் சொன்னேன். "மரம் நிக்கட்டும்டி. புயலுக்கு நம்ம தெருவக் காப்பாத்தினது அதுதானே. நாம போயி வேற பொழப்பு பாத்துக்கலாம்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நான் சொல்ல மாட்டேன். வாபஸ் வாங்கு என்றும் சொல்ல மாட்டேன், வாங்காதே என்றும் சொல்ல மாட்டேன்.

மீன் வாங்கி விற்றுப் பார்த்தேன். வண்டி வைத்திருப்பவர்களோடு போட்டி போட முடியவில்லை. பொங்கல் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று இருக்கிறோம். தமிழ்மொழி இப்போதிருந்தே அழுகிறாள், அவளுடைய தோழிகளை எல்லாம் விட்டுவிட்டு வர வேண்டுமே என்று.

தாமரை


மலை முகாம்
22.12.2024

அன்புள்ள தாமரை அக்காவுக்கு,

நான் அறிக்கையை வாபஸ் வாங்கவில்லை. வாங்குவேன் என்று எழுதிய கடிதத்தை ஜீப் கிளம்பும்வரை கையிலேயே வைத்திருந்தேன். லாரிகள் மண்ணைக் கொட்டுவதுதான் கண்முன்னால் வந்தது. கொடுக்கவில்லை.

அதற்குப் பதில், தண்ணீர் வடிகிற நேரத்தில் பெண்களுக்கு மட்டும் ஒரு வழி விடுங்கள் என்று தனியாக ஒரு விண்ணப்பம் எழுதினேன். நீங்கள் சொன்ன சகுனத்தையும் அதில் விவரமாக எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது. கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டதாம். மேலாண்மைத் திட்டத்தை மறுபடி திருத்தும்போது பரிசீலிப்பார்களாம். அது பத்து வருடம் கழித்து. சம்பந்தம் சாரும் யார் யாரிடமோ பேசிப் பார்த்தார். "இதுக்கு மேல நான் என்னம்மா பண்ணட்டும்" என்று அவரும் உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் தெருவுக்கு வந்து நிற்க எனக்கு முகம் இல்லை. மாமாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆனாலும் நீங்கள் எங்கோ கண்காணாமல் போய்விடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு அக்கா என்று வேறு யாரும் இல்லை. கிளம்புகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

தூரமா, அக்கா?

போகிற இடத்து விலாசம் மட்டும் அனுப்பிவையுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

என்றும் உங்கள் தங்கை,
கீர்த்திகா


காரைக்கால்
19.1.2025

கீர்த்திக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. பானையைக் கழுவிக் கவிழ்த்து மூட்டைக்குள் வைத்துவிட்டேன். தமிழ்மொழிக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கியாகிவிட்டது. எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்திருக்கிறேன்.

நேற்றுக் கழிப்பக்கம் போனேன். கல்லுக்கு இந்தப்பக்கமே நின்று பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, மரமெல்லாம் நன்றாக இருக்கிறது. புதுக்கன்று நிறைய வந்திருக்கிறது. முன்னே வராத வெள்ளைப் பறவை கூட்டமாக வந்து உட்கார்ந்திருந்தது. நீ பார்த்தால் குதிப்பாய். உன் செருப்பும் தெரிந்தது. பட்டை அறுந்து, பாதி சேற்றில் கிடந்தது. அது கிடக்கும் இடம் கல்லுக்கு அந்தப்பக்கம். எடுக்க முடியவில்லை.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். பாசம் இல்லை என்று எழுதினாலும் பொய். காகிதத்தை மறைத்துக்கொண்டு எழுதுகிறேன், உன் மாமா பார்த்தால் "பாவம்டி அது, விலாசத்தக் குடுத்துடு" என்பார்.

தூரமா என்று கேட்டிருக்கிறாய். அந்த வார்த்தையைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். இப்போது உனக்குக் கேட்கத் தெரிந்துவிட்டது.

வாசலில் வண்டி வந்துவிட்டது. மூட்டையை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு நானும் எழுந்திருக்க வேண்டும்.

சும்மா, இங்கதான்.

தாமரைச்செல்வி