வடக்கே பார்த்த குழாய்

தொலைநோக்கிப் பெட்டியைத் திறந்ததும் அத்தர் வாடை. குழாயின் கண்ணாடிக்கு மேல் உன் பழைய கறுப்புப் பர்தா, நீ மடித்து வைத்தபடியே இருக்கிறது. வாடை இரண்டு வருடம் நிற்காது, என் மூக்கின் கற்பனை என்று நினைத்து மறுபடி முகர்ந்தேன். நிற்கத்தான் செய்கிறது.

வெளிச்சம் அண்டாமலிருக்க இந்தப் பர்தாவைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் நீ குழாயில் குனிவாய். வாலிநோக்கத்து உப்பள வரப்பில், அந்தச் சித்திரை இரவிலும் அப்படித்தான். சர்க்கரை நோய் உன் இடக்கண்ணை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. வலக்கண்ணுக்கும் நடுவில் ஒரு கறை. அந்த வாரமே அறுவை சிகிச்சை. பார்வை மிஞ்சுமா என்பதற்கு மதுரை டாக்டர் உறுதி சொல்லவில்லை.

அதற்குள் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்றாய். சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனிக்குப் பக்கத்தில், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும் இரண்டு விண்மீன் திரள்கள். பெரியதிலிருந்து சிறியதை நோக்கி நீளும் மெல்லிய ஒளிப்பாலம். பல்கலைக்கழக விடுதியில் அதன் படத்தை நாம் சேர்ந்து பார்த்தோம். நம் குழாயில் எத்தனையோ வருடமாக இரண்டு பஞ்சுத் துணுக்குகள் மட்டுமே தெரிந்தன. அன்று நிலா உதிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது.

கண் இருட்டுக்குப் பழகிய வேளையில் டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது.

"யாரும்மா அங்கன? ரெண்டு பொம்பளைக இந்நேரத்துல குழாய வச்சுக்கிட்டு என்ன பண்றீக?"

கடலோரக் காவல்காரர். நீதான் பர்தாவுக்குள்ளிருந்து பேசினாய்.

"சார், கடலு தெக்க இருக்கு. குழாய் வடக்க பாக்குது. கடத்துறவுக வடக்கயா பாப்பாக?"

"அடையாள அட்டை இருக்கா?"

"இருக்கு சார். மொதல்ல டார்ச்ச அமத்துங்க. கண்ணு மறுபடி பழகுறதுக்குள்ள நிலா வந்துரும்."

அட்டைகளைப் பார்த்தார். குழாயிலும் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பொட்டுப் புகை. இதுக்காம்மா இம்புட்டுப் பாடு?" என்று முனகிக்கொண்டே போனார்.

மறுபடி இருட்டுக்காகக் காத்திருந்தோம். கிழக்கே அடிவானம் வெளுக்கத் தொடங்கியது. நீ குனிந்தாய். நான் வானத்தின் விளிம்பையே பார்த்திருந்தேன்.

"தெரியுதுடீ."

"படத்துல பாத்தத நெனச்சுச் சொல்லாத."

"பாம்பன்ல பொறந்தவளுக்குப் பாலம் தெரியாதாக்கும்? நீயே பாரு."

பார்த்தேன். இரண்டு பஞ்சு. நடுவில் வெறும் இருட்டு.

"மொறச்சுப் பாக்காதடீ. எனக்கு நடுவுல ஒண்ணுமே தெரியாது, எல்லாத்தையும் ஓரத்தாலதான் பாக்குறேன். அதான் மாட்டுச்சு."

மங்கலானதைக் கடைக்கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்பது நான் படித்ததுதான். படித்தும் என் கண் நேராகவே போய் நின்றது. அதைத் திருப்புவதற்குள் நிலா எழுந்து, உப்புப் பாத்திகளெல்லாம் வெளுத்துவிட்டன. நீ சிரித்துக்கொண்டே பர்தாவை மடித்தாய்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சின. நாம் கண்ணுக்காகவே பயந்துகொண்டிருந்தோம். உன்னைக் கொண்டுபோனது நெஞ்சுவலி.

இந்தச் சித்திரையில் பர்தாவோடு மறுபடி அந்த வரப்புக்குப் போகிறேன். எனக்கு அது தெரியாமலே போகலாம். ஆனால் அன்று நீ அதைப் பார்த்தாய். என் வாழ்நாளில் சாட்சி இல்லாமல் நான் நம்புவது இது ஒன்றைத்தான்.