உப்பு லொறியின் இரண்டு போல்ட்டுகள்

இன்று காலை குளிர்கோட்டை எடுத்துப் போட்டேன். பைக்குள் கை விட்டதும் அந்த இரண்டு போல்ட்டுகளும் தட்டுப்பட்டன. "இந்தத் துருப்பிடிச்ச சாமானை இன்னும் எறியேல்லையே?" என்று மனைவி கேட்டாள். உனக்கே சொல்லாததை அவளுக்கு எப்படிச் சொல்வேன், மச்சான்?

பனிக்காலத்தில், றோட்டில் ஐஸ் பிடிக்காமல் உப்புக் கொட்டிக்கொண்டு போகும் லொறியை நீ ஓட்டினாய். நான் அதே டிப்போவில் லொறிகளுக்கு மின்வேலை பார்த்தேன். புதுப்பெட்டி முதலில் உன் லொறிக்குத்தான் வந்தது. லொறிக்கு அடியில் இருக்கும் அதன் கருவி றோட்டின் குளிரை அளக்கும். எவ்வளவு உப்புக் கொட்டுவதென்று பெட்டியே முடிவுசெய்யும், எல்லாவற்றையும் பதிந்தும் வைக்கும். அதை லொறியில் பூட்டியவன் நான். பெரிய அதிகாரிகள் வந்து கைகுலுக்கினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் உறைபனி அன்றே நீ வந்தாய்.

"மச்சான், பெட்டி பிழையாக் காட்டுது. இறங்கிக் கையால தொட்டுப் பாத்தனான், றோட்டு ஐஸ் பிடிச்சுக் கிடக்கு. இது உப்பே கொட்டுதில்லை."

"உன்ர கையை விட மெஷினுக்கு வடிவாத் தெரியும், போய் ஓடு" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தேன்.

நீ பெட்டியை நிறுத்திவிட்டு, கைவிசையால் உப்பைக் கொட்டிக்கொண்டு போனாய். உன் பாதையில் ஒரு பஸ்கூடச் சறுக்கவில்லை. ஆனால் நீ நிறுத்தியதைப் பெட்டி பதிந்துவிட்டது. விசாரணையில் சுப்பவைசர் என்னைக் கூப்பிட்டு, பெட்டியில் பிழை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பார்க்காமலே சொன்னேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். உன்னை லொறியிலிருந்து இறக்கிக் குப்பை அள்ள விட்டார்கள்.

அடுத்த கிழமைதான் லொறிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கருவியைப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் பூட்டியிருக்கிறேன். அந்தச் சூட்டைத்தான் அது றோட்டின் சூடு என்று அளந்திருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் கழற்றி முன்பக்கம் மாற்றினேன். பழைய இடத்தில் இரண்டு ஓட்டைகள் மிஞ்சின. விஷயம் தெரிந்த யார் குனிந்து பார்த்தாலும் என் பிழை தெரிந்துவிடும்.

மறுநாள் போனால், இரண்டு ஓட்டைகளிலும் போல்ட் பூட்டி, மேலே கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தது. அந்த லொறியை அடிவரை அறிந்தவன் நீ ஒருவன்தான்.

சாப்பாட்டு அறையில் உன் முன்னால் வந்து இருந்து, வாயைத் திறந்தேன்.

"தேத்தண்ணி ஆறுது, குடி" என்றாய்.

அதையே சாட்டாக வைத்துக்கொண்டு, சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன். அடுத்த பனிக்காலம் எல்லா லொறிகளுக்கும் பெட்டி பூட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. வீட்டில் விருந்து வைத்தேன், வெட்கங்கெட்டு உன்னையும் கூப்பிட்டேன். நீ வந்து வயிறாரச் சாப்பிட்டு வாழ்த்திவிட்டுப் போனாய். உனக்கு லொறி திரும்பக் கிடைக்கவேயில்லை.

லொறியைக் கழித்துவிட்ட அன்று இந்தப் போல்ட்டுகளை நானே கழற்றி எடுத்தேன்.

உன் செத்தவீட்டில் உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அங்கிள், அப்பா லொறியில என்ன பிழை விட்டவர்? கேட்டாச் சொல்லவே மாட்டார்."

"பழைய கதை பிள்ளை, விடுங்கோ" என்றேன்.

ஒரு பிழையும் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? போன பனிக்காலம் அதைச் சொல்லவென்றே உன் மகள் இருக்கும் தோர்ண்டன் ஹீத்துக்குப் போனேன். அவளுடைய வாசல்படியில் உறைபனி. பெல் அடிக்காமல், அன்று நீ றோட்டைத் தொட்டது போலக் குனிந்து கையால் தொட்டுப் பார்த்தேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன்.