ரபேல் அண்ணன் எங்கே தட்டுவார்?

5 ஜூலை 2025, சனி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கைபேசி ஆப் வடிவமைப்பு வகுப்பு, மாடி அறை. ஆறு மணி நேரம் பெட்டி வரைந்தேன். முப்பத்தைந்து வருடம் துறைமுகத்தில் கப்பல்களையே அதட்டி நிறுத்திய சக்கரவர்த்தி நான், ஓய்வு பெற்றபின் கிளாங்கிலிருந்து ரயிலேறிப் போய் — பெட்டி! இதற்குப் பெயர் வயர்ஃபிரேமாம். ஆப் கட்டுவதற்கு முன் எது எங்கே இருக்கும் என்று காட்டும் எலும்புக்கூடு. நிறம் கூடாது, படம் கூடாது. நான் ஓரத்தில் இரண்டு மயிலும் ஒரு தேவதையும் வைத்தேன். பாடம் எடுக்கும் லோகேஸ்வரிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ரப்பரை நீட்டினாள்.

"எல்லாத்தையும் அழிங்க லா, அங்கிள். ஆளுங்க எங்க தட்டுவாங்கன்னு மட்டும் காட்டுங்க."

வெறும் சாம்பல் நிறப் பெட்டிகள். பார்த்தாலே குமட்டுகிறது. ஆஸ்பத்திரிக் கஞ்சி இதைவிட அழகு.

6 ஜூலை

வீட்டுப்பாடம்: ஏதாவது ஒரு உண்மையான தேவைக்கு ஆப் வரைய வேண்டும். என் மகள் சமந்தாவின் கல்யாணத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று சொல்ல வரைந்தேன். இரண்டு பொத்தான்: வருகிறேன், வரவில்லை. கீழே வருகிறவர்கள் பெயர் எழுத ஆறு பெட்டி. என் மனைவி மகதலேனா எட்டிப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் எதைத் தட்டுவாரு?"

பென்சில் முனை உடைந்துவிட்டது. தானாகத்தான்.

ரபேல் அண்ணன் என்னோடு பேசி மூன்று வருடம். அப்போது ரயில்வேயில் அவருக்குப் பணி ஓய்வு விருந்து. மைக்கைப் பிடுங்கியவன் நான். "எங்கண்ணன் டூட்டியில விட்ட கொறட்டைக்கு ரவாங் ஸ்டேஷன் வரைக்கும் சிக்னல் விழும்!" மண்டபமே சிரித்தது. அவர் பாதி பிரியாணியோடு எழுந்து போய்விட்டார்.

12 ஜூலை

புதுக் கொடுமை. வரைந்த தாள்களை ஒருவர் கையில் கொடுத்து, விரல் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமாம். வரைந்தவன் வாயே திறக்கக் கூடாதாம். நான்! வாய் திறக்காமல்! பூமி சுற்றுவதே நின்றுவிடாதா?

"உங்களப் புகழாத ஆளா பாத்துப் பிடிங்க, அங்கிள்" என்றாள் லோகேஸ்வரி.

அப்படி ஒருவர் இருக்கிறார். ரவாங்கில்.

13 ஜூலை, ஞாயிறு

போனேன். கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தேன் என்று சொல்லவில்லை. "படிப்புக்கு ஒரு சோதனைண்ணே" என்றேன். கோழை.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கெட்டுப்போன மீனைப் பார்ப்பதுபோல் தாளைப் பார்த்தார். விரல் 'வருகிறேன்' பக்கம் போகவில்லை. 'வரவில்லை' பக்கமும் போகவில்லை. தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமை.

"தம்பிக்காரன் வீட்டுக்கு வந்து பத்திரிகை வைக்கலன்னு சொல்றதுக்கு இதுல எங்கடா தட்டணும்?"

எழுபது வசனம் நாக்கில் வந்து முட்டியது. ஒன்றையும் விடவில்லை. அவர் விரல் தாளின் மேலேயே நின்றது. எல்லாவற்றையும் மேசையிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

14 ஜூலை

பெட்டி இல்லை அருவருப்பு. நான்தான். மகள் கல்யாணத்துக்குச் சொந்த அண்ணனக் காகிதத்துல தட்டச் சொல்லி... எவன்டா செய்வான்? சே.

20 ஜூலை, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து மகதலேனாவோடு ரவாங். பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"அண்ணே, அன்னைக்கு மைக்ல பேசுனது தப்பு. வாய்க்கொழுப்பு."

அவ்வளவுதான். என் வாழ்நாளிலேயே மிகச் சின்னச் சொற்பொழிவு. அண்ணன் வாங்கி மேசையில் வைத்தார்.

"பாப்போம். டீ ஆறுது, குடி."

பாப்போமாம்! இதற்கு எந்தப் பொத்தானை வரைவது?

24 ஜூலை

அண்ணனிடமிருந்து வாட்சப். ஒரே ஒரு போட்டோ. அன்று நான் போட்டுவிட்டு வந்த தாள்தான். வருகிறவர்கள் பெயருக்கு நான் வரைந்திருந்த ஆறு பெட்டியிலும் நீலப் பேனாவில் பெயர்கள்: அவர், அண்ணி, பிள்ளைகள், மருமகன். போதாதென்று கீழே அவரே இன்னும் இரண்டு பெட்டி வரைந்து, தன் சம்பந்தியையும் சம்பந்தியம்மாவையும் ஏற்றியிருக்கிறார். கோடு கோணல். மூலை சேரவில்லை. ஒன்று இன்னொன்றை இடித்துக்கொண்டு நிற்கிறது.

தூ, இதெல்லாம் ஒரு பெட்டியா? பார்க்கச் சகிக்கவில்லை. காலையிலிருந்து இருநூறு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன்.