சனிக்கிழமைக் கஞ்சி

முள்ளக்காடு,
ஆவணி 6, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் செல்வராணிக்கு அம்மா சண்முகவடிவு எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற உயிரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது அம்மா எதற்கு லெட்டர் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ போனை எடுத்ததும் மாப்பிள்ளையும் பக்கத்தில் வந்து உட்காருகிறார், நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். அவர் தங்கமான பிள்ளை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இது நீ முதலில் கேட்க வேண்டிய பேச்சு. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் அடைத்துப்போகிறது. லீவுக்கு வந்த நம் தெருப் பேச்சிச்செல்வி ஞாயிற்றுக்கிழமை உங்கள் மஸ்கட்டுக்குத் திரும்புகிறாள். அவளிடம் கருப்பட்டி கொடுத்துவிடுகிறேன், அந்தப் பொட்டலத்துக்குள் இந்த லெட்டர் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். தனியாக இருக்கும்போது படி. உட்கார்ந்துகொண்டு படி.

புதன்கிழமை போனில் நீ கட்டிலில் காலை நீட்டிக் காட்டினாய். விரலால் அழுத்தினால் குழி விழுகிறது பாரும்மா என்று சிரித்தாய். பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஏழாம் மாதத்தில் சிலருக்கு இப்படி வருமாம் என்றாய். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டதா என்று நீ கத்தியது கேட்டது. சிக்னல் போகவில்லை மகளே. அதே குழியை நான் சித்திரை மாதம் உன் அப்பா காலில் பார்த்தேன்.

அப்புறம் நீ இன்னொன்றும் சொன்னாய். “அடுத்த மாசம் இருபதாம் தேதி ஊருக்கு வந்து இறங்குனதும் மொதல்ல நம்ம வீட்டுத் தண்ணி ஒரு செம்பு குடிக்கணும்மா, இங்க பாட்டில் தண்ணியக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சு” என்றாய். அதைக் கேட்டபிறகுதான் இந்த லெட்டரை எழுத உட்கார்ந்தேன்.

வீட்டை எடுத்துக் கட்டியபோது நீ போட்டுத் தந்தாயே பில்டர், அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் பாத்திரமெல்லாம் வெள்ளை பூத்து, சோப்பு நுரைக்காமல், உன் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதற்காக வீடு முழுவதற்கும் சேர்த்துப் போட்டது. பின்வாசலில் என் உயரத்துக்கு இரண்டு நீல உருளை நிற்கிறது. ஒன்று மண்ணையும் கலங்கலையும் பிடிக்கும். இன்னொன்று அந்த வெள்ளை பூக்கிற சுண்ணாம்பை எடுக்கும். பக்கத்தில் உப்பு டிரம். கிணற்றுத் தண்ணீர் இந்த இரண்டுக்குள்ளும் புகுந்து வந்துதான் மாடித் தொட்டிக்கு ஏறும்.

வாரம் ஒருதடவை அந்த இரண்டாவது உருளைக்குள் உப்புத் தண்ணீரை விட்டுக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. பொருத்த வந்த திரேஸ்புரம் டெரன்ஸ் எனக்காக அட்டையில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினான். ஒன்று, கழுவு, பத்து நிமிடம். இரண்டு, உப்பு, முப்பது நிமிடம். மூன்று, அலசு, இருபது நிமிடம். நான்கு, வீடு. கைப்பிடியை எண் பார்த்துத் திருப்பினால் போதும். “எக்கா, மூணாவதுல மட்டும் அவசரப்படாதிய. உப்பு முச்சூடும் வெளிய போனப்பொறவுதான் நாலுக்குத் திருப்பணும்” என்று போகும்போது நடையில் நின்று இன்னொரு தடவையும் சொன்னான். அவன் சொல்லவில்லை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆறேழு மாதம் ஒழுங்காகத்தான் செய்தேன். தை மாதம் அப்பாவுக்கு இருதயம் பலவீனம் என்று கண்டுபிடித்து, உப்பே ஆகாது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அடுத்து மாசியில் ஊரில் தண்ணீர் தட்டாகிவிட்டது. குழாயில் வரவில்லை. குடிக்கவும் பொங்கவும் எல்லாவற்றுக்கும் நம் கிணறுதான். ஒரு வெள்ளிக்கிழமை நான் மூன்றாவதில் வைத்து அலசிக்கொண்டிருக்கிறேன், தண்ணீர் ஓடைக்குப் போகிறது. எதிர்வீட்டு அனுசியா குடத்தோடு போனவள் நின்று, “ஊரே லாரியப் பாத்துக் கெடக்கு, வடிவக்கா ஓடைக்குத் தண்ணி வாத்துட்டு நிக்காவ. ஓடையில என்ன பிச்சிப்பூவா வச்சிருக்கிய?” என்று நாலு பேர் கேட்கக் கேட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. உப்பளத்தில் ஒரு செம்பு நல்ல தண்ணீருக்கு மேஸ்திரி முன்னால் கையேந்தி நின்றவள் நான். ஓடுகிற தண்ணீரைக் கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் நாலுக்குத் திருப்பிவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் ஐந்து நிமிடம்தான் அலசினேன்.

என் நாக்கைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தாறு வருடம் அளத்தில் உப்பு வாரியவள். கையிலும் காலிலும் புண் ஆறியது, நாக்கு மட்டும் திரும்பி வரவில்லை. சின்னப் பிள்ளையில் நீ “கரிக்கும்மா” என்று தட்டைத் தள்ளிவிட்டு ஓடுவாய். அதனால்தானே நம் வீட்டில் உப்புப் பார்க்கிற வேலை அப்பாவுக்கு. குழம்பு கொதித்ததும் கரண்டியில் எடுத்து அவர் உள்ளங்கையில் விடுவேன். ஒன்று, “சரி” என்பார். இல்லாவிட்டால், “ஏளா, கடலத் தூக்கி ஊத்திட்டியா?” என்பார். கல்யாணமான மாதத்திலிருந்து அப்படித்தான் நடந்தது.

போன சனிக்கிழமை காலையில் உன் இசக்கியம்மாள் அத்தை வந்தாள். வெயிலில் வந்தவளுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தேன். ஒரு மடக்கு வாயில் விட்டவள் அப்படியே முற்றத்தில் துப்பினாள். “என்ன மயினி, அளத்துப் பாத்தியில மொண்டு வந்தியளா? அண்ணன் போனது காணாதுன்னு என்னையும் அனுப்பப் பாக்கியளா?” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அவள் போனபிறகு இரண்டு டம்ளரில் கேன் தண்ணீர் எடுத்தேன். ஒன்றில் மட்டும் உப்புப் போட்டுக் கலக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி வைத்து, இரண்டையும் குடித்தேன். எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை, ராணி.

அப்பா காரியத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேன் தண்ணீர் வைத்தோம். அப்புறம் மூன்று மாதமாக இந்த வீட்டில் நான் ஒருத்திதான் குடிக்கிறேன். அதனால் சொல்வதற்கு ஆள் இல்லை.

திங்கட்கிழமை டெரன்ஸை வரச் சொன்னேன். உப்பை அளக்கிற பேனா மாதிரி ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் விட்டான். எண் ஏறிக்கொண்டே போனது. அதைப் பார்த்தான், சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தான், “எத்தன நிமிசம் அலசுதிய எக்கா?” என்று கேட்டான். இருபது என்று சொல்லிவிட்டேன். பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் வால்வைக் கழற்றி, மாட்டி, வியர்க்க வியர்க்கத் தேடினான். கடைசியில் தன் வேலையில்தான் கோளாறு போல இருக்கிறது, புதுச் சாமான் கொண்டுவந்து மாற்றுகிறேன் என்று தலையைச் சொறிந்துகொண்டு போனான். அந்தப் பிள்ளை தலையிலும் பழியைப் போட்டு அனுப்பினேன்.

இனி எழுதப்போவதைத்தான் நான்கு நாளாக மனதில் எழுதி எழுதி அழிக்கிறேன்.

தை மாதம் முழுக்க அப்பா உப்பில்லாத சாப்பாட்டை வைத்துக்கொண்டு மண்ணைத் தின்கிற மாதிரி முகத்தைச் சுளிப்பார். மாசிக்குப் பிறகு சுளிக்கவில்லை. சனிக்கிழமை ஆகிவிட்டால், “ஏளா, இன்னைக்குக் கஞ்சி வையி. தண்ணி நெறைய விட்டு வையி” என்பார். இரண்டு போணி குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொள்வார். ஒரு கல் உப்பில்லாத கஞ்சியை இப்படிக் குடிக்கிறாரே, மனுசன் வழிக்கு வந்துவிட்டார் என்று நான் உன்னிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். நீயும் அப்பா சமத்து என்றாய். ஞாயிறு, திங்களில் அவருக்கு மூச்சு வாங்கும். வியாழன் வெள்ளியில் கொஞ்சம் தெளிவார். வெள்ளிக்கிழமை நான் அலசாமல் விட்ட உப்பு சனிக்கிழமைக் கஞ்சிக்குள் போன அந்தக் கணக்கு அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

சித்திரைக் கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் என்னைச் சத்தம் போட்டார். அவ்வளவு சொல்லியும் உப்புக் கொடுத்திருக்கிறீர்களே என்றார். குலசை முத்தாரம்மன் மேல் சத்தியமாக ஒரு கல் போடவில்லை என்று நான் அழுதேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “அவ போடல டாக்டர்” என்று மட்டும் சொன்னார். எனக்காகப் பரிந்து பேசுகிறார் என்று நினைத்தேன்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் உப்பு அறிகிற நாக்கு அவருடையது ஒன்றுதானே. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? சொன்னால் அந்த ஒரு ருசியும் போய்விடும் என்றா? சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்றா? யாரிடம் போய்க் கேட்பேன். அந்தத் தண்ணீர்தான் அவரைக் கொண்டுபோயிற்றா என்று டாக்டரிடம் கேட்க முந்தாநாள் ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். உள்ளே போகவில்லை. ஆமாம் என்றால் நான் எப்படி இந்த வீட்டில் இருப்பேன்? இல்லை என்றால் மட்டும் நம்பிவிடுவேனா?

வயிற்றுப்பிள்ளைக்காரி, பயணம் ஆகாது என்று சொன்னதால் வைகாசியில் உன்னால் வர முடியவில்லை. போனில்தான் அப்பா முகம் பார்த்தாய். அப்போது நீ என்னிடம், நீ பக்கத்தில் இருந்து நன்றாகப் பார்த்துக்கொண்டாய் அம்மா, அது போதும் என்றாய். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றால் வாங்கிக்கொள்.

பில்டரைப் போட்டுத் தந்தோமே என்று நீ மனதை அலட்டாதே. பில்டர் மேலும் உன் மேலும் குற்றம் இல்லை. கைப்பிடியைத் திருப்பியது இந்தக் கை.

ஆவணி 7, சனிக்கிழமை.

நேற்று அதோடு நிறுத்திவிட்டேன். இன்று காலை டெரன்ஸ் புதுச் சாமானோடு வந்தான். அவன் பையைத் திறக்கும் முன்னாலேயே, ஐந்து நிமிடம்தான் அலசினேன் தம்பி, மாசியிலிருந்து, என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவன்தான். “அண்ணாச்சிக்கு உப்பு ஆகாதுன்னு எனக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே எக்கா. முழுசா அலசுனாலும் இந்தத் தண்ணியில கொஞ்சம் உப்பு சேரத்தான் செய்யும். அடுப்படிக்கு அன்னைக்கே தனி லைன் போட்டிருப்பேனே” என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாடித் தொட்டியைச் சுத்தமாக வடித்துவிட்டான். இனி பில்டர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும்தான். கீழே தனியாக ஒரு தொட்டி வைத்து, குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரை மட்டும் அதில் பிடித்து, அடுப்படிக்கு அதிலிருந்து தனிக் குழாய் இழுத்திருக்கிறான். குழாயில் வராத நாளைக்குக் கேன். பேனாவை விட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றான். இசக்கியம்மாளை வரவழைத்துக் குடிக்கச் சொன்னேன். நன்றாக இருக்கிறது மயினி என்றாள். இன்னொரு மடக்கு குடி என்றேன். குடித்தாள். இன்னொரு மடக்கு என்றேன். “உங்களுக்கு என்ன மயினி ஆச்சு, நான் என்ன ஒட்டகமா?” என்று ஏசினாள். அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. நீ படித்த பிறகு அவளிடம் சொல்வேன். அப்பா அவள் கூடப்பிறந்தவர் அல்லவா.

எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்குத்தான் தெரியவில்லை. தெரியவே போவதில்லை. உன் கால் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பிரசவத்துக்கு நீ என்னை நம்பி வருகிறாய். நான் வைக்கிற ரசத்தில், கஞ்சியில், பிள்ளைக்கு ஊற்றுகிற தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அறிய இந்த வீட்டில் இப்போது ஒரு நாக்கு கூட இல்லை.

இதைப் படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் நீயே சொல்லு. வரவேண்டாம், அங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்று நீங்கள் முடிவெடுத்தால் நான் ஏன் என்று கேட்கமாட்டேன். வருவதானால் பிரஷரைப் பார்த்து, டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகு ஏறு. போனில் இதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதே, எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

ஒன்று மட்டும் செய். நீ வருகிற அன்றைக்கு நடையில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்பேன். உன் கையில் பாட்டில் தண்ணீர் இருந்தால் செம்பை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அதற்கு மேல் உன்னை ஒன்றும் கேட்கமாட்டேன், உனக்குக் கேன் தண்ணீரில் தனியாகப் பொங்கித் தருகிறேன். அப்படி இல்லாமல் உனக்கு மனம் வந்தால், கையை நீட்டு. அப்பா நீட்டுவாரே, அந்த மாதிரி உள்ளங்கையை நீட்டு. கொஞ்சமாக விடுகிறேன். நாக்கில் வைத்துப் பார்த்து, சரியா, கரிக்கிறதா என்று நீ சொல்லு. நீ சொல்வதை நம்புகிறேன்.

முத்தாரம்மன் உன் கால் வீக்கத்தை வடியவைத்து, இரண்டு உயிரையும் சுகமாகப் பிரித்துக் கொடுக்கட்டும்.

உன் அம்மா
சண்முகவடிவு