காற்று வருகிறது என்று நான் சொன்ன பதிலைத் திரும்பப் பெறுவது குறித்து

அனுப்புநர்:
சை. ரஹீமா (வயது 31),
க/பெ. சைனுதீன்,
பள்ளிவாசல் தெரு, ஒத்தப்பனைமேடு,
கொழிஞ்சாம்பாறை வழி, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அதிகாரி அவர்கள்,
பாலக்காடு.

பொருள்: எங்கள் ஊர்ப் பீடிக் கம்பெனிக் கூடத்தில் நடந்த சுகாதாரச் சோதனையின்போது நான் அளித்த பொய்யான பதில், கூடத்தை முன்கூட்டிச் சொல்லாமல் மறுபடி சோதிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. ஆகவே தமிழில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. நான் பதினோரு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடி பீடி சுற்றுகிறேன். கம்பெனியில் இலையும் புகையிலைத் தூளும் வாங்கி வந்து, சுற்றிய கட்டுகளை மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். என் கணவரின் தங்கை ஐசும்மா, கணவரால் கைவிடப்பட்டு எங்களோடு இருப்பவர். வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து சுற்ற இடம் போதாததால், ஆறு ஆண்டுகளாகக் கம்பெனிக் கூடத்துக்கே போய் வேலை செய்து வந்தார்.

2. அந்தக் கூடம் முன்பு நெல் குடோனாக இருந்தது. வாசல் ஒன்றே. தூள் பறந்து வீணாகாமல் இருக்க ஜன்னல்கள் இரண்டையும் பலகை வைத்து அறைந்திருக்கிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். பீடி வாட்டும் கரி அடுப்பும் அதற்குள்ளேதான்.

3. சென்ற ஆகஸ்ட் மாதம் சுகாதார ஆய்வாளர் கூடத்தைச் சோதிக்க வந்தார். அவர் வருவது கம்பெனிக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. மேஸ்திரி பழனிச்சாமி கூடத்துக்கு வந்து, "நாளைக்கு ஆபீசர் வர்றாருங்க. இருமல் இருக்கறவங்க ஊட்டுலயே இருந்துக்கங்க. மத்தவங்க வெளுத்த சீலை கட்டிட்டு வாங்க" என்று சொன்னார். அப்படி நிறுத்தப்பட்ட ஆறு பேரில் ஐசும்மாவும் ஒருவர். அவர்கள் இடங்களை நிரப்ப, வீட்டிலிருந்து பீடி சுற்றும் எங்களை அழைத்தார்கள். ஐசும்மாவின் இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

ஜன்னல் பலகைகளை அன்று கழற்றியிருந்தார்கள். அடுப்பு வெளியே போயிருந்தது. ஆய்வாளர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "இங்கே எப்பவும் இப்படிக் காற்று வருமா?" என்று கேட்டார். மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இலை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில், "வருதுங்க" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அன்று மாலை எனக்கு நல்ல இலையாகப் பொறுக்கிக் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் பலகைகள் திரும்ப ஏறின. ஐசும்மாவும் வேலைக்குப் போனார்.

4. நவம்பரில் அதே ஆய்வாளர் பீடி சுற்றும் வீடுகளைப் பார்க்க எங்கள் தெருவுக்கு வந்தார். அப்போது ஐசும்மா எழுந்து நடக்க முடியாமல் படுத்திருந்தார். அவர் பாய்க்கு ஒரு முழம் தள்ளி, நனைத்த இலைச் சாக்கும் தூள் முறமும் இருந்தன. "சுகமில்லாத ஆள் கிடக்குற முறியில பீடி சுத்தப் பாடில்ல. முதல்ல இவங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று மலையாளம் கலந்து சொன்னார். நோயாளி கிடக்கும் அறை என்பதால் எங்கள் வீட்டில் பீடி சுற்றக் கூடாது என்று அங்கேயே எழுதியும் கொடுத்தார். அன்று அவரை மனதுக்குள் வைதேன். அவர் செய்தது சரி என்று இப்போது சொல்கிறேன். என் வீட்டுக்கு விதித்த தடையை நீக்கும்படி நான் கேட்கவில்லை.

5. சளியைச் சோதித்து, படமும் எடுத்து, காசநோய் என்றார்கள். வலது நுரையீரல் பெரும்பகுதி கெட்டுவிட்டதாம். "மூன்று மாதம் முன்பே ஏன் கூட்டி வரவில்லை?" என்று டாக்டர் அம்மா கேட்டார். ஐசும்மாதான், "மதினிக்கு ஒண்ணுந் தெரியாதுங்க, நாந்தான் சொல்லலை" என்றார். அவர் இன்றும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நான் சொன்ன பதிலைப் பற்றி அவரிடம் சொல்ல இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.

6. ஜன்னல்களையாவது திறந்து வையுங்கள் என்று மேஸ்திரியிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஏனுங்கம்மா, ஆபீசர் கேட்டப்போ காத்து வருதுன்னு சொன்னது உங்க வாய்தானுங்களே?" என்றார்.

ஆகவே, கூடத்தில் காற்று வருகிறது என்று நான் சொன்னது பொய் என்பதை இதன்மூலம் எழுதித் தருகிறேன். அதற்குரிய தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். தாங்கள் யாருக்கும் தெரிவிக்காமல், வேலை மும்முரமாக நடக்கும் முற்பகலில் ஒரு நாள் ஆளனுப்ப வேண்டும். கூடத்தில் உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் சளிப் பரிசோதனை செய்ய உத்தரவிட வேண்டும். இருமுகிறவர்களை மறைக்காமலிருக்க, நோய் கண்டவர்களுக்கு வேலை போகாது என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கித் தர வேண்டும்.

ஐசும்மாவின் இடத்தில் இப்போது பூமாரி என்ற பெண் உட்காருகிறார். வயது பத்தொன்பது. இரண்டு வாரமாக இருமுகிறார். தாமதம் வேண்டாம் ஐயா.

இடம்: ஒத்தப்பனைமேடு
நாள்: 12-2-1974

இப்படிக்கு, தங்கள் முன் நேரில் வந்து இதையே சொல்லவும் தயாராக உள்ள,
(ஒப்பம்) சை. ரஹீமா